புண்ணியத்துக்குச் சம்பளம் உண்டா?

பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. விழுகிற பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிட, பசியும் பித்துமாய் ஊர் ஊராய் அலைந்தவர் மேல்மலையனூரில்தான் குணமானார் என்கிறது தலபுராணம். அந்த ஊர் அம்மன் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கீழே இறங்கிய கபாலத்தைக் காலால் மிதித்தாள். இரக்கம் இருந்தது, சரி. ஆனால் குணமாக்கியது நோயின் போக்கறிந்து செய்த வேலை. அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் கூட்டம் வருவது அந்த நம்பிக்கையில்தான்.

மேல்மலையனூர் இருக்கும் அதே மாவட்டத்தின் திண்டிவனத்தில், 1890களில், இதற்கு நேர்மாறான ஓர் இரவு. பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என மூவர், ஒருவர் பின் ஒருவராக வெள்ளைக்காரப் பெண் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். அந்நிய ஆண் தொடுவதா என்று மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவரானார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அவரது பணி சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை ஆனது. 1909இல் அங்கே நர்ஸ் பயிற்சி வந்தது, 1946இல் பட்டப்படிப்பு.

இன்று அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அத்தனை நோயாளிகள். (2024 ஆகஸ்டுக்குப் பின் விசா கெடுபிடியால் வங்கதேசத்தவர் வரவு குறைந்தது வேறு கதை.) இப்படி எல்லை தாண்டி வருகிறவர்களைப் பார்க்கும் நர்ஸுக்கு ஊசியும் மாத்திரையும் வேலையில் பாதிதான். சொந்த நாட்டில் வேறு பெயரில் சாப்பிட்ட மாத்திரை எது, எதற்கு ஒவ்வாமை என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டறிய வேண்டும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டவருக்கு விஷயம் விளங்கியதா, வெறுமனே தலையாட்டினாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரம்ஜான் மாதமானால் நோன்பு பிடிப்பேன் என்பவரிடமும் டாக்டரிடமும் பேசி மருந்து வேளையை ஒழுங்குபடுத்த வேண்டும். பெண் நோயாளியின் கூச்சத்துக்குத் திரை இழுத்துவிட வேண்டும். விசா முடியும் தேதிகூடச் சிகிச்சைக் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையும் செய்துவிட்டு வரும் நிறைவு புண்ணியமா, தொழில் திருப்தியா? கீதை பலனை எதிர்பாராதே என்கிறது. கிறிஸ்தவம் ஊழியம் என்கிறது. கூலி வாங்கினால் இரண்டும் கறைபடும் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அந்த நினைப்பு முதலாளிகளுக்கு வசதி. "சேவைதானேம்மா" என்று சொல்லியே சம்பளத்தைக் குறைத்துவிடலாம். பலனை விடச் சொன்ன உபதேசம் வேலை செய்கிறவருக்கானது. வேலை வாங்குகிறவர் அதை எடுத்தாளக் கூடாது. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால், நோயாளி சொல்வதை நின்று கேட்கக்கூட நர்ஸுக்கு நேரமிருக்காது. அப்புறம் நிறைவு எங்கிருந்து வரும்?

உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்தது. சேவையின் மகத்துவம் பேசுகிற நிர்வாகங்கள் அந்த அறிக்கையை முதலில் எடுத்துப் படிக்கட்டும்.