யாருடைய எழுத்து?

பிறர் எழுத்தைத் தனதென்று காட்டுவது குற்றம். அதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகளை வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் காணும் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை; 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு சொற்களைப் புதிதாகக் கோத்துத் தருவதால், ஒற்றுமையை அளக்கும் கோலுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. அகப்படாததால் அது குற்றமற்றதாகிவிடுமா?

எழுத முயலும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது மாணவனுக்குத் தெரிகிறது. அந்தத் தடுமாற்றத்தில்தான் கல்வி தொடங்குகிறது. அதைக் கருவியிடம் ஒப்படைப்பவன், தன் பசிக்குப் பிறரை உண்ணச் சொல்பவனுக்கு ஒப்பாவான்.

அந்நிய மொழியில் எழுதத் திணறுபவன் பிழை திருத்தவும், புரியாததைக் கேட்டறியவும் கருவியை நாடலாம். அவ்வுதவியை மறைக்காமல் சொல்வதே முறை. கருவி சில வேளைகளில் இல்லாத நூலையும் சான்றாகக் காட்டும். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவன் மாணவனே.

ஏட்டை மூடிவைத்துவிட்டு, அதில் உள்ளதைத் தன் சொற்களில் விளக்க முடிகிறதா என்று அவன் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். விதிகளின் அளவுகோல் எட்டாத இடத்தை மனச்சாட்சி அளந்துவிடும்.