கறைதிரை

வாசிக்க: எபேசியர் 5:22-33

கல்யாண ஆராதனையில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது ஆண்கள் பக்கத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற இடம் வந்ததும் பல முகங்கள் மலரும். எதிர்வரிசையில் இருக்கும் வீட்டுக்காரியை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அங்கே மனைவிகளுக்குச் சொன்னது மூன்றே வசனம். அடுத்து கணவர்களுக்கு என்று எட்டு வசனம் நீளுகிறது. அதற்குள் பாதிப் பேருக்கு மனசு பந்திக்குப் போய்விடும். நானும் அப்படிப் போனவன்தான்.

ஒருநாள் அந்த எட்டு வசனத்தில் என்னென்ன வேலை சொல்லியிருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். தண்ணீரால் கழுவுவது. கறை போக்குவது. திரை எடுப்பது, திரை என்றால் சுருக்கம். போஷிப்பது. காப்பாற்றுவது. புருஷனைத் தலை என்று சொன்ன பவுல், அந்தத் தலைக்குக் கொடுத்த வேலையெல்லாம் துணி துவைக்கிற கல்லுக்கும் அடுப்படிக்கும் பக்கத்தில் இருக்கிறது! அந்தக் காலத்து எபேசுவில் பெண்களும் அடிமைகளும் செய்துவந்த வேலைகள் இவை. அவற்றைக் கிறிஸ்து தம் சபைக்குச் செய்கிறார் என்கிறார் பவுல்.

கிரேக்கரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஊற்றிலிருந்து நீர் கொண்டுவந்து மணப்பெண்ணைக் குளிப்பாட்டுவார்கள். ஏதென்ஸில் அந்த நீரைக் கொண்டுவர நெடுங்கழுத்துக் குடம் ஒன்று தனியாகவே உண்டு. நம் ஊர் நலங்கு மாதிரிதான். பெண்ணைக் குளிப்பாட்டும் இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? பவுல் எழுதும் கல்யாணத்திலோ மணவாளனே மணவாட்டியைக் கழுவுகிறார்.

‘காப்பாற்றுகிறான்’ என்று நாம் வாசிக்கும் சொல்லையும் பார்க்க வேண்டும். நமக்கு அது ஆபத்திலிருந்து மீட்பது போலக் கேட்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சூடு கொடுப்பது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அது இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: 1 தெசலோனிக்கேயர் 2:7. அங்கே பால் கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளுக்குச் செய்வது அது. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், உபாகமம் 22-ல், கூட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்ப்பறவைக்கும் அதே சொல். நமக்கு இதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது: அடைகாத்தல். மனைவியை அடைகாக்க வேண்டும் என்று எந்த ஆணிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். பவுல் சிரிக்காமல் எழுதியிருக்கிறார்.

இங்கே ஓர் இடறல் உண்டு. கழுவுகிறவர் மணவாளன் என்றதும், பெண்டாட்டியின் குறைகளை வெளுத்தெடுக்க வந்த ரட்சகன் நான்தான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகளில் சூடு இருக்காது, அனல்தான் இருக்கும். பவுல் காட்டும் படத்தில் மணவாளன் ஒருவரே. சபையில் சேர்ந்த எந்தக் கணவனும் முதலில் மணவாட்டியின் பக்கம் நிற்கிறவன். கறையோடும் திரையோடும் வந்து கழுவப்பட்டவன். தான் பெற்றதைத்தான் வீட்டில் அவன் கொடுக்க முடியும்.

இதை நினைக்கும்போதெல்லாம் ராபர்ட்சன் மெக்குயில்கின் ஞாபகம் வருகிறது. ஜப்பானில் 12 ஆண்டுகள் மிஷனரியாக இருந்தவர். பிறகு அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கு 22 ஆண்டுகள் தலைவர். அவர் மனைவி முரியலுக்கு அல்சைமர் நோய் வந்தது. பேச்சு குறைந்தது, நினைவு கரைந்தது. 1990-ல் அவர் பதவியை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார்ந்தார். ஊழியமா மனைவியா என்று கேட்டு, ஊழியத்தை விடவேண்டாம் என்று அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் பெரிதாக வாதாடவில்லை. நாற்பது ஆண்டுகள் அவள் என்னைப் பார்த்துக்கொண்டாள், இன்னும் நாற்பது ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டாலும் அந்தக் கடன் தீராது என்கிற கணக்கு அவருடையது. 2003-ல் முரியல் இறக்கும்வரை ஊட்டுவதும் கழுவுவதும் உடை மாற்றுவதும் அவர் வேலையாக இருந்தது.

பதவியில் இருந்த கடைசிக் காலத்தில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அவர் வேலைக்குப் போனதும் முரியலுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அவரைத் தேடிக் கல்லூரிக்கு நடப்பாள். போக அரை மைல், வர அரை மைல். யாராவது வீட்டில் கொண்டுவந்து விட்டால், திரும்பவும் புறப்படுவாள். சில நாள் பத்து தடவைகூட. ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

இரவில் படுக்கைக்கு ஆயத்தப்படுத்தும்போதுதான் அவர் பார்ப்பார், அவளுடைய பாதங்களில் ரத்தம். அந்தப் பாதங்களைப் பார்த்த மெக்குயில்கினுக்குத் தோன்றியது தன் அன்பைப் பற்றி அல்ல. கர்த்தரின் பக்கத்தில் இருக்க நானும் இப்படித் தவித்தால் எப்படி இருக்கும் என்பதுதான்.