சேமிக்கவா என்று கேட்கும் பப்பி

வெள்ளவத்தையில் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். படங்களையும் தேவாரத் திரட்டையும் பென் டிரைவில் தருவார்கள். அந்தியேட்டி முடிந்தபின் திருப்பிக் கேட்பவர் குறைவு. கேட்டால் "வச்சிருங்கோ தம்பி" என்பார்கள். லாச்சிக்குள் 1 ஜிபி, 2 ஜிபி என்று கிடக்கின்றன. இன்றைக்கு ஒரு கலியாண வீடியோவுக்கும் போதாது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதிலிருந்து பழைய லப்டொப்களைத் தூக்கிக்கொண்டும் வருகிறார்கள். அவற்றுக்குப் பப்பி லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளம் கைகொடுக்கிறது. 2003இல் ஒஸ்திரேலியரான பரி கோலர் தொடங்கியது. ஃபொசாபப் பதிப்பு 400 எம்பி சொச்சம். பென் டிரைவிலிருந்து பூட் ஆகி ரேமிலேயே குடியிருந்து ஓடும்.

லாச்சியில் கிடக்கும் 2 ஜிபி டிரைவில் இந்த 400 எம்பியை எழுதினால் முன்பகுதிதான் அழியும். மிச்சத்தில் பழைய படங்கள் அப்படியே கிடக்கும். கோப்புப் பட்டியல் போனதால் தெரியாது, அவ்வளவுதான். அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக்கை ஓடவிட்டால் எவரோ ஒரு மாமி கோயில் வாசலில் நின்றபடி வெளியே வருவார். அதனால் முதலில் டிரைவ் முழுவதும் பூச்சியம் எழுதிவிடுவேன்.

அப்போதெல்லாம் வினைதான் நினைவுக்கு வரும். சைவ சித்தாந்தம் அதை மூன்றாகச் சொல்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்த உடலோடு அனுபவித்துத் தீரும் பிராரத்தம், இனி ஏறும் ஆகாமியம். சஞ்சிதம் தீட்சையில் எரிகிறதாம். எரிவது வேறு, மேலே எழுதுவது வேறு. திருந்திவிட்டோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி அந்த முன் 400 எம்பிதான் என்று எனக்குப் படுகிறது.

ஆகாமியத்துக்கும் பப்பியில் இடமுண்டு. முதல் தடவை நிறுத்தும்போது, செய்ததைச் சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாமென்றால் பகல் முழுக்கச் செய்த மாற்றமெல்லாம் மின்சாரத்தோடு போய்விடும். ஞானி செய்யும் வினை அவரில் ஏறாது என்பதற்கு இதை நல்ல உதாரணமாக நினைத்து, கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். பண்டிதர், கணினி பிடிக்காது.

"தம்பி, வேண்டாமெண்டு டிரைவே சொல்லுமோ? நீரெல்லோ அமத்துறீர்?"

வினை சடம், அதைக் கூட்டவும் கழிக்கவும் இறைவனாகிய பதி ஒருவன் வேண்டும் என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. டிரைவுக்குள் எந்த நினைவகச் செல்லில் எழுதுவதென்று நானா தீர்மானிக்கிறேன்? செல்கள் ஒரேயடியாகத் தேயாதபடி உள்ளேயிருக்கும் கொன்ட்ரோலர் சிப் எனக்குச் சொல்லாமலே இடம் மாற்றுகிறது. "அதுவும் சடம்தான்" என்றார். பம்பலப்பிட்டி வஜிராராமை பௌத்த விகாரையில் கேட்டால், அமத்துற ஆளே தேவையில்லை, காரணமும் தொடர்ச்சியும் போதும் என்பார்கள் என்றேன். அதற்கு அவர் சிவஞானசித்தியார் பரபக்கத்தை எடுத்து, பௌத்தரை மறுக்கும் பகுதியைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டார்.