கூடுதல் விநாடிகள்

சிங்கப்பூரில் சாலை கடக்கும் இடங்கள் பலவற்றில், பொத்தானுக்கு மேலே அட்டை வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். முதியவரோ மாற்றுத்திறனாளியோ தம் சலுகை அட்டையை அதில் வைத்தால், நடப்போருக்கான விளக்கில் பச்சை மனிதன் கூடுதல் நேரம் எரிவான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. அந்தச் சில விநாடிகளின் அருமை, பாதிச் சாலையில் விளக்கு மாறித் தவித்த மூட்டுவலிக்காரருக்குத்தான் தெரியும்.

ஆனால் விளக்கு நேரத்தைத்தான் தரும். சந்திப்பில் திரும்பும் வண்டிக்காரர் கடப்பவரைப் பார்த்து நிற்க வேண்டுமே! நடப்பவருக்கும் கடமை உண்டு. பச்சை விட்டுவிட்டு எரிந்தால், நடுவில் இருப்பவர் கடந்துவிட வேண்டும். ஓரத்தில் நிற்பவர் இறங்கவே கூடாது. பலர் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறார்கள், அதுவும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. நாளை அந்தப் பிள்ளை தனியாக வரும்போதும் அப்படித்தான் ஓடும்.

பிள்ளையோடு போகும்போதாவது நில்லுங்கள். அடுத்த பச்சை வரும்வரை அதன் கையை விடாதீர்கள்.