லிங்க்கும் நெல்லிக்கனியும்

அம்பத்தூரில் தங்கை வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும். பின்னாலேயே அவள் பையன் வருவான். காலேஜில் இரண்டாவது வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு நோட்டோடு வந்தான். 'அட, படிக்கிறான் போலிருக்கே' என்று தப்பாக நினைத்துவிட்டேன். நோட்டு முழுக்க அம்புக்குறிகள். ஒரு கோடு புறப்பட்டு மூன்றாகப் பிரிகிறது. கிளைக்குக் கிளை கட்டங்கள். ஏதோ ராஜவம்சம்.

"சோழனாடா, பாண்டியனா?"

"ஸெல்டா, மாமா."

உங்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1986-ல் ஆரம்பித்து இன்னும் விடாமல் நடத்தும் வீடியோ கேம் வரிசை. ஹைரூல் என்று ஒரு ராஜ்யம். ஸெல்டா என்று ஓர் இளவரசி. லிங்க் என்று ஒரு பையன். கானன் என்று ஒரு துஷ்டன். ஆட்டத்துக்கு ஆட்டம் இந்தப் பெயர்கள் திரும்பி வரும். ஆனால் பல ஆட்டங்களில் காலமும் வேறு, ஆளும் வேறு. ஒன்றில் ராஜ்யம் செழித்திருக்கும், இன்னொன்றில் கடலுக்கடியில் கிடக்கும். அப்படியானால் எது முன்னே, எது பின்னே?

வருஷக்கணக்கில் ரசிகர்கள் இதற்காக மோதிக்கொண்டார்கள். 1998-ல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' ஆட்டத்தில் பையன் ஏழு வருஷம் முன்னால் போய் கானனை ஜெயிக்கிறான். பிறகு இளவரசி அவனைச் சிறுவனாகவே திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவன் விட்டுவந்த உலகம் என்ன ஆனது? அது ஒரு கிளையாகத் தொடர வேண்டும். திரும்பி வந்த உலகம் இன்னொரு கிளை. சரியான தர்க்கம்தானே?

2011 டிசம்பரில், வரிசையின் இருபத்தைந்தாவது ஆண்டில், அதிகாரபூர்வமான புத்தகம் ஜப்பானில் வெளிவந்தது. அதில் மூன்று கிளைகள்! கடைசிச் சண்டையில் பையன் தோற்றுப்போனால் என்ன நடந்திருக்கும் என்பது மூன்றாவது. கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு நாம் எழுந்து போவோமே, அந்தத் தோல்விக்கும் ஒரு சரித்திரம். 1986-ன் முதல் ஆட்டமே அந்தத் தோற்ற கிளையில்தான் வருகிறதாம். எனக்கு என்னவோ இது ரொம்பப் பிடித்துவிட்டது.

அத்தோடு முடிந்ததா? 2023-ல் வந்த ஆட்டம் ஹைரூலின் முதல் ராஜாவைக் காட்டியது. பழைய ஆட்டங்கள் சொன்னதோடு அது லேசில் பொருந்தவில்லை. மருமகன் (வேறு பல ரசிகர்களைப் போலவே) வழி வைத்திருந்தான். "ராஜ்யம் ஒரு தடவை சுத்தமா அழிஞ்சு, மறுபடி ஸ்தாபிச்சிருக்காங்க மாமா. இது ரெண்டாவது முதல் ராஜா."

"செய்தவங்க கவனிக்காம விட்டிருக்கலாமேடா?"

அவன் முகம் சுருங்கியது. சாமி சிலையைப் பார்த்து 'கல்தானே' என்று கேட்டுவிட்டது போல.

சிரிக்காதீர்கள். நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். தகடூர் அதியமானோடு ஓர் ஔவை. அவன் தந்த நெல்லிக்கனியைப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஆத்திசூடி பாடிய ஔவை ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பிந்தியவர். ஒரே பெயரில் வேறு வேறு ஆட்கள் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள், லிங்க்கைப் போலவே. ஜனங்கள் அதை ஏற்கவில்லை. பாட்டி ஒருத்திதான். எப்படி அத்தனை காலம் இருந்தாள்? அதான் நெல்லிக்கனி சாப்பிட்டாளே! முரண்பாட்டை அடைக்க இதைவிட அழகான தியரி எந்த ரசிகனுக்கும் தோன்றியதில்லை.

தூரம் போக வேண்டாம். பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. அந்த ஊர் ஆழ்வார் துவாபர யுகத்தில் பிறந்து 4,700 ஆண்டுகள் இருந்தார் என்கிறது வைணவ மரபு. ஆராய்ச்சி அவரை ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறது. அதற்கு ஒரு துப்பு, அவர் பாட்டில் வரும் குணப்பரன் என்ற சொல். மகேந்திரவர்ம பல்லவனுக்கு அந்தப் பட்டம் உண்டு. பக்தருக்கோ அது பெருமாளைத்தான் குறிக்கிறது. ஒரே சொல், ஒருவருக்குத் தேதி, இன்னொருவருக்குத் தெய்வம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஹைரூல் என்று ஓர் ஊர் கிடையாது. எது முதலில் என்பதற்கு, செய்தவர்கள் முடிவு செய்யும்வரை விடையே கிடையாது. அந்தப் புத்தகமே, சொல்பவர் மாறினால் சரித்திரமும் மாறும் என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறது. அங்கே அன்பு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ஆனால் ஆழ்வார் ஏதோ ஒரு நாளில் பிறந்தார். நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த நாள் இருந்தது. 4,700 வருஷம் என்பதை 'இவர் ஒரு யுகத்துக்குள் அடங்குகிறவர் இல்லை' என்ற பக்தியாகப் படித்தால் எனக்குச் சண்டையில்லை. அதையே ஆதாரமாக நீட்டும்போதுதான் உறுத்துகிறது.

நானும் நீட்டியவன்தான். ஆவடியில் படித்த காலத்தில் ஒரு கட்டுரைப் போட்டியில் சங்கப் பாடல்களுக்கு இஷ்டத்துக்கு ஆயிரம் வருஷம் கூட்டினேன். எதிரான ஆதாரம் கண்ணில் பட்டும் எழுதவில்லை. தமிழய்யா படித்துவிட்டு, "இந்தப் பாட்டைப் போன வாரம் எழுதியிருந்தா நல்லாயிருக்காதாடா?" என்று மட்டும் கேட்டார். வயசைக் கூட்டினால் மதிப்பு கூடும் என்று நினைத்தவனுக்குப் பதில் வரவில்லை. இப்போதும் கல்வெட்டு, அகழாய்வு என்று செய்தி வந்தால், பழையதாக இருந்தால் உடனே நம்புகிறேன். பிந்தியதாக இருந்தால் இன்னொரு தரம் சோதிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு எப்படி?

மருமகனிடம் கேட்டேன். "அடுத்த ஆட்டம் வந்து, உன் ரெண்டாவது ராஜ்யம் தப்புன்னு சொல்லிட்டா?"

"அழிச்சிட வேண்டியதுதான். பென்சில்லதான் போட்டிருக்கேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும்" என்றான்.

பிறகு ஔவையைப் பற்றி விசாரித்தான். மொத்தம் எத்தனை பேர், எந்த ஔவை கையில் நெல்லிக்கனி, அதியமான் எந்த ஊர். புதுப் பக்கம் புரட்டி, ஒரு கோடு கிழித்து, முதல் கட்டத்தில் 'தகடூர்' என்று எழுதினான்.

"நெல்லிக்காயை அவ சாப்பிடலைன்னா அது ஒரு கிளை இல்லையா மாமா?"

உள்ளேயிருந்து தங்கை, இட்லி ஆறுகிறது என்று மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள்.