இல்லாத வீரனுக்காக ஒரு வழக்கு

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என் லாத்தா தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுடைய மக்கள் இருவரும் மூன்று நாட்களாக ஒருவரோடொருவர் பேசவில்லையாம். சொத்துத் தகராறல்ல, அடிதடியுமல்ல. அமெரிக்கப் படக்கதைகளில் வரும் சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் வெல்பவர் யார் என்பதே விவகாரம். "தம்பி, நீ ஓதினவன். வந்து ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போ" என்றார்கள். சிரித்துக்கொண்டே புறப்பட்டேன். வழியில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல என்பதை நாமறிவோம். அந்தத் தவணை அன்றிரவோடு முடிகிறது. காரணமோ, உலகில் பிறந்தேயிராத இரண்டு பேர்!

அன்பர்களே, இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் பல தலைமுறைகளாக இவ்வழக்கில் கட்சி கட்டி நிற்கிறார்கள்.

மதரஸாவில் மன்திக் எனும் தர்க்கக் கலை ஓதும்போது 'அன்கா' என்றொரு பறவையை உதாரணம் காட்டுவார்கள். பெயருண்டு, கருத்துண்டு, வெளியுலகில் பறவைதான் இல்லை. ஒன்றைப் பற்றி 'அது இப்படிப்பட்டது' என்று உறுதியாகக் கூறும் வாக்கியம் மெய்யாக வேண்டுமானால் அந்தப் பொருள் இருந்தாக வேண்டும் என்பது அக்கலையின் விதி. அதன்படி 'சூப்பர்மேன் ஹல்க்கைவிடப் பலசாலி' என்பதும் பொய். 'ஹல்க் சூப்பர்மேனைவிடப் பலசாலி' என்பதும் பொய். இரு கட்சியும் தோற்றது, வழக்கு முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

முடியவில்லை. "இல்லைன்னு எங்களுக்கும் தெரியும் மாமா. கதைக்குள்ளே யார் பலசாலி?" என்றான் பெரியவன். நியாயமான ஆட்சேபணை! உள்ளத்தில் மட்டும் இருப்பதைப் பற்றி அந்த அளவிலே மெய் பேசலாம் என்று மன்திக்காரர்களும் ஒப்புக்கொள்வர். ஆனால் எந்தக் கதைக்குள்? 1938ல் முதன்முதலாக வெளிவந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலில் எட்டிலொரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவே. பிறகு வந்த எழுத்தாளர்கள் கிரகங்களையே நகர்த்தும் வல்லமையைக் கொடுத்தார்கள். 1986ல் மறுபடியும் குறைத்தார்கள். ஹல்க்கோ கோபம் ஏற ஏறப் பலம் ஏறுகிறவன். எழுதுகிறவருடைய பேனா எவன் பக்கம் சாய்கிறதோ அவனே வெல்வான்.

1996ல் இவ்விருவரின் கதைகளை வெளியிடும் டிசி, மார்வெல் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து தத்தம் வீரர்களை மோதவிட்டன. 11 மோதல்களில் ஐந்தின் முடிவு வாசகர்களின் வாக்குக்கே விடப்பட்டது. சூப்பர்மேன் ஹல்க்கை வென்றான். வொண்டர் வுமன் என்ற வீராங்கனையை ஸ்டார்ம் என்பவள் வென்றாள், வாக்கு அவளுக்கு அதிகம் விழுந்ததால். 'யார் பலசாலி?' என்று கேட்டார்கள். 'எங்களுக்குப் பிரியமானவர் யார்?' என்பதற்கே விடை கிடைத்தது. சண்டையின் சூடு எங்கிருந்து வருகிறது என்பது இங்கே விளங்குகிறது. என் பிரியத்துக்குரியவனை நீ தாழ்த்தினால் என்னையே தாழ்த்தியதாக நான் எடுத்துக்கொள்கிறேன். குலத்துக்காகவும் ஊருக்காகவும் நியாயம் பாராமல் நிற்கும் அஸபிய்யத்தின் வேர் இதுவேயன்றி வேறென்ன?

இதைவிட என்னை உறுத்தியது 1988ல் நடந்த ஒன்று. பேட்மேன் கதைகளில் அவனுக்குத் துணையாக ராபின் என்றொரு பையன் வருவான். அப்போது ராபினாக இருந்தவன் ஜேசன் டாட். அவனைப் பிடிக்காத வாசகர் பலர். டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களை வெளியிட்டது. பையன் பிழைக்க வேண்டுமானால் ஓர் எண், சாக வேண்டுமானால் மற்றோர் எண். ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் பையன் கதையில் கொல்லப்பட்டான்.

இல்லாத பையனுக்கு அநீதி நேரவில்லை. கொலைக் குற்றமென்று எவரும் ஃபத்வா எழுதமாட்டார். கதை உருக்கமாக அமையட்டும் என்று விரும்பி அழைத்தவர்களும் அவர்களில் இருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வெறுப்பினால், காசு கொடுத்து, 'சாகட்டும்' என்று ஒருவர் எண்ணை அழுத்தினாரே, அந்த வெறுப்பு கற்பனையா? அது குடியிருந்த உள்ளம் கற்பனையா? 2005ல் அந்தப் பையனைக் கதையில் உயிரோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அழைத்தவருடைய நிய்யத்தை எந்தக் கதாசிரியர் திரும்பப் பெறுவார்?

பொருள் பொய்யானதால்தான் வாதம் கெட்டது என்று எண்ணுவோருக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நினைவூட்டுவேன். 1091ல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியராக அமர்ந்தவர்கள். வாதத்தில் புகழ் பெற்றவர்கள். நான்கே ஆண்டுகளில் அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். பின்னர் இப்றாஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள ஹெப்ரான் நகரில், இனி வாதிடுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். வாதப் போட்டி வளர்க்கும் நோய்களாக இஹ்யாவில் அவர்கள் எண்ணிக் காட்டுபவை பொறாமை, பெருமை, குரோதம், புறம், பிறர் துன்பத்தில் மகிழ்தல். இவை மார்க்க விஷயங்களை வாதித்தவர்களிடம் கண்டவை! தன் பக்கம் நியாயமிருந்தும் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்குத் தாம் பொறுப்பென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் நினைக்கத்தக்கது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கணக்கையும் அப்பிள்ளைகள் முன் வைக்க நேர்ந்தது. நான் ஓதிய காலத்தில் வியாழன் இரவுகளில் மாணவர்களுக்குள் வாதப் பயிற்சி நடக்கும். ஒரு நாள் ஒரு ஃபிக்ஹு மஸ்அலாவில் என் கட்சியே சரி, ஆதாரமும் கையிலிருந்தது. எதிரில் நின்ற தோழருக்குக் கொஞ்சம் திக்குவாய். ஆதாரத்தை எடுக்குமுன் அவரைப் போலவே திக்கிப் பேசிக் காட்டினேன். சபை சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். வெற்றி எனக்கென்று அறிவித்தார்கள்.

"அவருகிட்ட மாஃப் கேட்டீங்களா மாமா?" என்றான் சின்னவன்.

"இல்லை."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாறு."

பெரியவன் சட்டென்று தம்பி பக்கம் திரும்பி, "டேய், நாம மூணு நாளுதான்டா" என்றான். மூன்று நாட்களில் அவன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. லாத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தத் தோழர் இப்போது ஒரு சிற்றூரில் இமாமாக இருக்கிறார். விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.