வாடாத பூவுக்கு யார் பொறுப்பு

பிரான்சில் வாழ்க்கைப்பட்ட சாக்சனி இளவரசி மரி-ஜோசெஃப், 1749 வாக்கில் தன் தந்தை மூன்றாம் அகஸ்டஸுக்கு ஒரு பூச்செண்டு அனுப்பினாள். அதில் 480 பூக்கள், அத்தனையும் பீங்கான். அவள் பிறந்த வீட்டுக்கும் பீங்கானுக்கும் ஆழமான உறவு உண்டு. ஐரோப்பா முதன்முதலில் அசல் பீங்கான் செய்யக் கற்றது சாக்சனியில்தான். அங்கே 1710இல் தொடங்கிய மைசென் ஆலை அவள் குடும்பத்தின் பெருமை. அவளுடைய சகோதரி மரியா அமாலியா வாழ்க்கைப்பட்ட நேப்பிள்ஸிலும், அந்தச் சகோதரியின் கணவர் 1743இல் கபோடிமொன்டே ஆலையைத் தொடங்கினார். பீங்கானிலேயே வளர்ந்த தந்தைக்குப் பீங்கானையே அனுப்புவதென்றால், புகுந்த வீடும் சளைத்ததல்ல என்று காட்டத்தான். அந்தச் செண்டு இன்று டிரெஸ்டனில், ஸ்விங்கர் மாளிகையின் பீங்கான் தொகுப்பில் இருக்கிறது.

அதைச் செய்தது பாரிஸுக்கு அருகிலுள்ள வின்சென் கோட்டையில் இயங்கிய ஆலை. அசல் பீங்கானுக்குத் தேவையான வெண்களிமண் பிரான்சில் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. லிமோஜ் பக்கத்தில் அது கிடைக்க 1768 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே வின்சென்காரர்கள் மணலையும் உப்புகளையும் உருக்கி, கண்ணாடிபோல் இறுகியதை அரைத்து, மாவாக்கிப் பிசைந்தார்கள். அந்த மாவுக்கு இழுவை கிடையாது. பெரிய பாத்திரமாக வனைந்தால் பிளக்கும், சூளையில் சாயும். ஆனால் விரல் நுனியளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் ஓர் இதழ் கிடைக்கும். இப்படிப் பொருளின் குறையிலிருந்தே பூத் தொழில் பிறந்தது. 1749இல் ஆலையின் விற்பனையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூக்களிலிருந்தே வந்தது.

இதழ்களை அழுத்தியவர்கள் பெண்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். 1745இல் மேடம் கிராவானின் பொறுப்பில் அவர்களுக்கென்று தனிப் பட்டறை ஏற்பட்டது. சில ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அதே ஆலையில் கோப்பையில் சித்திரம் தீட்டியவர் அதன் அடியில் தன் தனிக்குறியை இட்டார். அந்தக் குறிகளைப் படித்து இன்ன ஓவியர் என்று சொல்ல இன்று நூல்களே இருக்கின்றன. பூவுக்கு அடி என்று ஒன்று இல்லை, குறியிட இடமும் இல்லை. பித்தளைக் கம்பித் தண்டில் செருகி, வெண்கல இலை சேர்த்து விற்ற பாரிஸ் வியாபாரி லசார் துவோவின் பெயர் தெரியும். அவருடைய கணக்குப் புத்தகம் பின்னாளில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. வாங்கியவர்களின் பெயர்களும் அதில் உள்ளன. இதழை அழுத்திய பெண்ணின் பெயரை அதில் தேடுவது வீண்.

வாங்கியவர்களில் முதன்மையானவர் மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூர். சேன் நதியைப் பார்த்த பெல்வ்யூ மாளிகையில், கடுங்குளிர்காலத்தில் அவர் மன்னருக்கு ஒரு மலர்த் தோட்டத்தைக் காட்டினாராம். மன்னர் முகர்ந்து பார்க்கக் குனிந்தபோதுதான் அது பீங்கான் என்று தெரிந்ததாம். வாசனையைத் தனியாகத் தெளித்திருந்தார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அந்த ஆசை உண்மை. பருவத்துக்குக் கட்டுப்படாத பூ வேண்டும் என்ற ஆசை அது. மாளிகையை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். மன்னராட்சியும் போயிற்று. மன்னர்களுக்காகச் செய்த பூக்களில் சில இன்னும் ஏலத்துக்கு வருகின்றன.

தோட்டத்துப் பூ வாடினால் யார்மீதும் பழியில்லை. மாலையில் உதிரும் என்று தெரிந்தேதான் அதைத் தலையில் சூடுகிறோம், சாமிக்குச் சாத்துகிறோம். பீங்கான் பூ அப்படியல்ல. அது தானாக அழியாது. அழிந்தால் யாரோ ஒருவரின் முழங்கை, துடைப்பவரின் அவசரம், மூட்டை கட்டியவரின் அலட்சியம், ஒரு நகரத்தின்மீது விழுந்த குண்டு. மரணத்திலிருந்து விலக்கி வைத்த பூவுக்கு நாம் பொறுப்பாளிகளாகிவிட்டோம். சேகரிப்பு என்று சொல்லும்போது இந்தப் பொறுப்பைத்தான் முதலில் நினைக்கிறேன். விலையும் அழகும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கலை முடிந்துபோகவும் இல்லை. கார்கிவ் நகரில் பிறந்து கட்டடக்கலை படித்து அமெரிக்காவில் குடியேறிய விளாதிமிர் கனெவ்ஸ்கி இன்றும் பீங்கானில் இதழ்களும் உலோகத்தில் இலைகளும் செய்கிறார். நியூயார்க்கின் ஃபிரிக் அருங்காட்சியகம் 2025 ஏப்ரலில் மீண்டும் திறந்தபோது அறைகள்தோறும் அவருடைய செடிகள் நின்றன. 1935இல் முதல் திறப்புக்கு அங்கே வைத்திருந்த நிஜப் பூக்களின் நினைவாகச் செய்தவை அவை. ஊரறிந்த பெயரோடு அவருடைய பூக்கள் அடுத்த தலைமுறைக்குப் போகும். அது நல்லது.

பழைய பூக்களை வாங்குவோர் குறையில்லாததைத் தேடுகிறார்கள். ஓரம் சிதைந்த இதழ் விலையைக் குறைக்கும். அதனால் சிதைவை மாவு வைத்து அடைத்து, வண்ணம் பூசி மறைக்கும் வழக்கம் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரிந்துவிடும். உடைந்ததை மறைக்காமல் விடுவதே நேர்மை என்று நான் நம்புகிறேன். இதழின் மடிப்பில் பதிந்த விரல் அழுத்தம்தான் அந்தப் பட்டறைப் பெண்கள் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து. விளிம்பைச் சீராக்குகிறோம் என்று அதன்மேல் பூசுவது அதையும் அழிப்பதாகும். நல்ல சேகரிப்பாளர்கள் உதிர்ந்த துண்டை எறிவதில்லை. ஓர் உறையிலிட்டு, எந்தப் பூவில், எந்தப் பக்கத்து இதழ், எப்போது, எப்படி உடைந்தது என்று எழுதிவைக்கிறார்கள். பூவை விற்கும்போது அந்த உறையும் கூடவே போகிறது. அடுத்து வாங்குபவர் அதை ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம். முடிவெடுக்க இதழாவது அவர் கையில் இருக்கும்.